ரகசியம் காப்பவரெல்லாம் நண்பரா?

சித்த வைத்தியன் இங்கிலீஷ் சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் யோசிக்கலாம். "நாடி பிடிக்கிற வேலையை விட்டுட்டு இது எதுக்கு?" என்று என் மனைவியே கேட்டாள். ஆனால் வயிற்றெரிச்சல், தூக்கமில்லை என்று என்னிடம் வருகிற உத்தியோகஸ்தர்கள் சிலரைப் பார்க்கும்போது அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது.

'நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்'. ஸோயி ஹெல்லரின் நாவலை ரிச்சர்ட் அயர் 2006-ல் படமாக்கினார். லண்டனில் ஒரு பள்ளிக்கூடம். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் சரித்திர டீச்சர் பார்பராவாக ஜூடி டென்ச். புதிதாக வந்து சேரும் ஓவிய டீச்சர் ஷீபாவாக கேட் பிளாஞ்செட். பார்பராவுக்குத் துணை ஒரு பூனை, ஒரு டைரி. ஷீபாவுக்கோ கணவன், மகள், டவுன் சிண்ட்ரோம் உள்ள மகன் என்று நிறைந்த வீடு. (குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படமல்ல. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

வகுப்பில் பையன்கள் அடித்துக்கொள்ள, ஷீபா திணற, பார்பரா ஒரே அதட்டலில் அடக்குகிறாள். அங்கே பிடிக்கிறது சிநேகம். அப்புறம் ஒருநாள், 15 வயது மாணவனோடு ஷீபா தகாத உறவு வைத்திருப்பதைப் பார்பரா கண்ணாலேயே பார்த்துவிடுகிறாள்.

ஷீபா செய்தது பெருங்குற்றம். பாதிக்கப்பட்டவன் அந்தப் பையன். அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. பார்பரா நேரே தலைமை ஆசிரியரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஷீபாவுக்குத் தைரியம் சொல்கிறாள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மிரட்டல் இல்லை, பணம் கேட்கவில்லை. பார்த்தால் உதவி மாதிரியே இருக்கிறது. ஆனால் டைரியில் கடன் ஏறிக்கொண்டே போகிறது. பூனை சாகக் கிடக்கிற அன்று வசூலுக்கு வந்து நிற்கிறாள். மகன் நடிக்கிற நாடகத்துக்குப் புறப்பட்டு வீட்டார் காரில் காத்திருக்கிறார்கள். ஷீபா தன்னோடுதான் இருக்கவேண்டும் என்கிறாள் பார்பரா. ஷீபா மகனிடம் போகிறாள். அவ்வளவுதான், சக ஆசிரியர் ஒருவரிடம் ஜாடையாக ஒரு பேச்சு. விஷயம் ஊரெல்லாம் நாறுகிறது. ஷீபாவுக்கு 10 மாதம் ஜெயில்.

பையனுக்காகச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. சொன்னபோதும் அவனுக்காகச் சொல்லவில்லை. இரண்டுமே பார்பராவின் தேவைக்காகத்தான்.

எங்கள் எண்வகைத் தேர்வில் நாடி மட்டுமல்ல, மொழியும் ஒன்று. குரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் பாடம். நான் என்ன பேசுகிறார்கள் என்றும் காது கொடுப்பேன். ஒரு பெண், அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன், கணக்குப் பிரிவில் வேலை. குழாய் விட்டுப் பார்த்தும் வயிற்றில் புண் இல்லை. ஏலாதி சூரணம் கொடுத்தேன். மூன்று வாரமாகியும் எரிச்சல் குறையவில்லை. பேச்சுக்குப் பேச்சு "அக்கா கோவிச்சுக்குவாங்க" என்றாள். யாரம்மா அந்த அக்கா? ஒருமுறை இவள் தொகையைத் தப்பாக எழுதிவிட்டாள். கூட வேலை பார்க்கும் சீனியர் அதிகாரிக்குத் தெரியாமல் சரி செய்திருக்கிறார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அக்காவுக்கு. வரமுடியாது என்றால், "அன்னிக்கு நான் மட்டும் இல்லேன்னா..." என்று பாதியில் நிறுத்துவாராம். அந்தப் பாதி வாக்கியம்தான் இவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு ராத்திரி உன் வீட்டுக்காரர்கிட்டே சொல்லு. நாளைக்கு நீயே அதிகாரிகிட்டே சொல்லிடு" என்றேன். அழுதாள். ஆனால் சொல்லிவிட்டாள். ஒரு மெமோ வந்தது. ஒரு மாதத்தில் எரிச்சல் போய்விட்டது. சூரணம் வேலை செய்ததா, மெமோ வேலை செய்ததா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

பார்பராவைப் பிசாசு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பேச ஆளில்லாத வீட்டுக்குப் போகிறவள் அவள். கடைசிக் காட்சியில் குன்றின்மேல் ஒரு பெஞ்சில் வேறொரு இளம்பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறாள். மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கணக்குப் பிரிவு அக்காவுக்கும் ராத்திரி தூக்கம் வருமா என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அவர் இதுவரை என்னிடம் வரவில்லை.