நாட்டு மருத்துவர் வழியாக எச்.ஐ.வி. பரிசோதனை: உகாண்டா ஆய்வு கூறுவது என்ன?

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருள் 95 விழுக்காட்டினர் தம் நிலையை அறிந்திருத்தல், அவர்களுள் 95 விழுக்காட்டினர் சிகிச்சை பெறுதல், சிகிச்சை பெறுவோருள் 95 விழுக்காட்டினரின் இரத்தத்தில் வைரஸ் கட்டுப்படுதல் என்பன ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 2025ஆம் ஆண்டுக்கு வகுத்த இலக்குகளாகும். இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. பரிசோதனை நடைபெறாவிடில் அடுத்த இரண்டும் நிகழா.

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கர்ப்பிணிப் பெண்களுக்கு மருத்துவமனையிலேயே இப்பரிசோதனை செய்யப்படுவதால் பெண்கள் பலர் தம் நிலையை அறிகின்றனர். ஆண்களுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. காய்ச்சலோ உடல் மெலிவோ ஏற்படும்போது அவர்களுள் பலர் முதலில் நாடுவது ஊரிலுள்ள நாட்டு மருத்துவரை. மூலிகை தருவோர், எலும்பு கட்டுவோர், பேறுகாலம் பார்ப்போர், ஆவிகளை அழைத்துக் குறி சொல்வோர் என இவர்கள் பல வகையினர்.

இவர்களைப் பொதுச் சுகாதாரப் பணியுடன் இணைக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் மரபுவழி மருத்துவர்களையும் அடிப்படைச் சுகாதாரப் பணியாளர் வரிசையில் குறிப்பிட்டது. எய்ட்ஸ் தடுப்புக்காக நாட்டு மருத்துவர்களையும் நவீன மருத்துவர்களையும் ஒன்றிணைக்கும் தீட்டா என்னும் அமைப்பு 1992இல் உகாண்டாவில் தொடங்கப்பட்டது. எனினும் நெடுங்காலம் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது மட்டுமே. அனுப்பப்பட்டவர் என்ன ஆனார் என்ற செய்தி, அனுப்பியவருக்குத் திரும்பி வருவது அரிது. மதிப்பும் வருவாயும் தம்மை விட்டு நீங்குவதாக அவர் கருதினால் அதில் வியப்பில்லை.

ஆய்வின் முடிவுகள்

2021இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு இந்த நடைமுறையையே சோதித்தது. தென்மேற்கு உகாண்டாவின் ம்பராரா மாவட்டத்தில் 17 நாட்டு மருத்துவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம்மை நாடி வந்தோருக்கு ஆலோசனை கூறி, அங்கேயே வாய்வழிப் பரிசோதனையைச் செய்தனர். மறு பிரிவினர் அருகிலுள்ள மருத்துவ நிலையத்திற்குச் செல்லுமாறு பரிந்துரைத்தனர். ஒவ்வொரு பிரிவிலும் 250 பேர் பங்கேற்றனர்.

முதற்பிரிவில் 250 பேரும் பரிசோதனை செய்துகொண்டனர். பரிந்துரை மட்டும் பெற்றவர்களுள் 90 நாள்களுக்குள் பரிசோதனை செய்துகொண்டவர் 57 பேர், அதாவது 23 விழுக்காட்டினர். முதற்பிரிவில் 10 பேருக்குப் புதிதாகத் தொற்று கண்டறியப்பட்டது. மறு பிரிவில் ஒருவருக்கும் கண்டறியப்படவில்லை.

பரிசோதனை தேவை என்பது இரு பிரிவினருக்கும் தெரிவிக்கப்பட்டது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ஆகவே, மக்கள் அறியாமையால் பரிசோதனையைத் தவிர்க்கின்றனர் என்னும் வழக்கமான விளக்கம் இங்குப் பொருந்தாது. பயணச் செலவு, இழக்கும் ஒரு நாள் கூலி, மருத்துவ நிலைய வாயிலில் தெரிந்தவர் கண்ணில் படும் அச்சம் ஆகியவை எவ்வளவு பெரிய தடைகள் என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது.

தொற்று கண்டறியப்பட்ட 10 பேருள் 90 நாள்களுக்குள் சிகிச்சையில் இணைந்தவர் 7 பேர். எண்ணிக்கை சிறியது, ஆயினும் எஞ்சிய மூவரை மறந்துவிட்டு இந்த ஆய்வைப் பாராட்டுவது முறையாகாது. தம் நிலையை அறிந்தும் மருந்து தொடங்காதவருக்கு அந்தப் பரிசோதனையால் கிடைப்பது மனச்சுமை மட்டுமே.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

ஈறுகளின் மேல் மென்மையான பட்டையால் தடவி, அதைச் சிறு குப்பியிலுள்ள திரவத்தில் வைக்க வேண்டும். சுமார் 20 நிமிடங்களில் கோடுகள் தோன்றும். இச்சோதனை வைரஸைக் கண்டறிவதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களையே கண்டறிகிறது. (உமிழ்நீரால் எச்.ஐ.வி. பரவாது. வாயில் சோதனை செய்வதால் பலருக்கு இந்த ஐயம் எழுகிறது.) தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் வரை, சிலருக்கு மூன்று மாதங்கள் வரை, முடிவு 'இல்லை' என வரலாம். இரண்டு கோடுகள் தோன்றினாலும் அது முதற்கட்ட முடிவே. அடுத்தடுத்து வேறு சோதனைகளால் உறுதி செய்த பின்னரே தொற்று உள்ளதாகக் கொள்ள வேண்டும். முறையான பயிற்சி பெற்றால், மருத்துவப் பட்டம் இல்லாத பணியாளரும் விரைவுச் சோதனையைச் செய்யலாம் என 2015 முதல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்து வருகிறது.

தயக்கத்திற்கான காரணங்கள்

சோதனைக் கருவியைக் கையில் கொடுப்பது, நாட்டு மருத்துவர் தரும் மூலிகைக்கும் அரசு முத்திரை இட்டதாகிவிடாதா என்று மருத்துவர்கள் கேட்கின்றனர். இதற்குக் கசப்பான பின்னணி உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அரசின் உயர்மட்டத்திலேயே கூட்டு மருந்து சிகிச்சை சந்தேகிக்கப்பட்டது. சுகாதார அமைச்சரே பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் இதனால் இழக்கப்பட்டதாக 2008இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எனவே, சோதனை செய்பவர் மூலிகையால் எச்.ஐ.வி. குணமாகும் எனக் கூறலாகாது என்பதை முதல் நிபந்தனையாக வைப்பது மிகையன்று. கூட்டு மருந்தின் ஆற்றலைக் குறைக்கும் மூலிகைகளும் உள்ளன.

அடுத்தது இரகசியம். நாட்டு மருத்துவர் அதே ஊர்க்காரர். நோயாளியின் உறவினரையும் அறிந்தவர். அவர் மீதுள்ள நம்பிக்கைக்கு இதுவே காரணம், ஆபத்திற்கும் இதுவே காரணம்.

அவருடைய பாதுகாப்பு குறைவாகவே பேசப்படுகிறது. தென்னாப்பிரிக்க நாட்டு மருத்துவர்கள் பிளேடால் தோலைச் சிறிதாகக் கீறி மருந்தைத் தேய்ப்பதுண்டு. கையுறை இன்றி இதைச் செய்யும்போது பிறர் இரத்தம் அவர்கள் கையில் படுகிறது. ஆகவே அவர்களைச் சோதனை செய்வோராகப் பயிற்றுவிக்கும் முன், அவர்களுக்கே பரிசோதனையும் கையுறையும் கிடைக்கச் செய்தல் வேண்டும்.

இன்றைய சூழல்

2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அந்த நிதியைச் சார்ந்திருந்த எச்.ஐ.வி. திட்டங்கள் பல ஆப்பிரிக்க நாடுகளில் தடைபட்டன. வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர்கள் பலர் பணியிழந்தனர். ஊதியமின்றிக் கிடைக்கும் மாற்றாக நாட்டு மருத்துவரைக் கருதும் எண்ணம் இந்நிலையில் எழுவது இயல்பு. ஆனால் அது தவறான கணக்கு. உகாண்டா ஆய்வில் சோதனைக்குப் பின் செல்வதற்கு ஓர் இயங்கும் மருத்துவ நிலையம் இருந்தது. அது மூடப்பட்டாலோ, மருந்து இருப்பு தீர்ந்தாலோ, நாட்டு மருத்துவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. செலவழித்த நேரத்திற்கு உரிய தொகை, தடையற்ற கருவி வழங்கல், அனுப்பப்பட்டவர் சிகிச்சையில் சேர்ந்தாரா என்பதை அவரது ஒப்புதலுடன் திரும்பத் தெரிவிக்கும் ஏற்பாடு ஆகியவை இன்றி இத்திட்டத்தை விரிவாக்குதல் பயன் தராது.

தமிழ்நாட்டில் பரிசோதனை பெற

அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாக அளிக்கப்படுகின்றன. வெளியில் செய்யப்படும் முதற்கட்டச் சோதனையின் முடிவையும் இங்கு உறுதி செய்துகொள்ளலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, உரியவரின் ஒப்புதல் பெற்றே பரிசோதனை செய்யப்பட வேண்டும். முடிவு இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். விவரங்களுக்கு 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.