விளைவு தனது, களஞ்சியம் யாருடையது?

உழுது விளைத்த நெல்லைப் பிறன் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, ‘கூலி கேளாத வள்ளல்’ என்று அவனைப் போற்றும் உழவன் எங்கேனும் உண்டோ? மென்பொருள் உலகில் உண்டு! எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளை ஆக்குவோருள் மிகப் பலர், தம் நிரலைக் கிட்அப் என்னும் களஞ்சியத்திலேயே கொண்டு சேர்க்கின்றனர். அதனை இயக்கும் நிரலோ அவர்க்குக் காட்டப்படாதது. 2018இல் மைக்ரோசாப்டு நிறுவனம் அதனை 750 கோடி தாலர் மதிப்பில் வாங்கிற்று. நெல் கொட்டியவரை யார் கேட்டார்?

விளைந்தது யாது? 2019இல் அமெரிக்க வணிகத் தடைச் சட்டத்தைக் காட்டி, ஈரான், சிரியா, கிரீமியா நிரலாளர் பலரின் கணக்குகள் முடக்கப்பட்டன. அவர் செய்த குற்றம் என்னை? வாழும் மண்ணே குற்றமாயிற்று! ஈரானியர்க்கு மீண்டும் கதவு திறந்தது 2021இல். அதுவும் அமெரிக்க அரசு தந்த இசைவால்.

‘கிட் கருவியால் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் முழுப்படி உண்டே, இழப்பு ஏது?’ என்பர். நிரலுக்குப் படி உண்டு, மெய்யே. பிழை முறையீடுகளும், திருத்த வேண்டுகோள்களும், அவற்றின்மேல் நிகழ்ந்த உரையாடல்களும் அப்படியில் இல்லை. ஒரு வரி ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதுபற்றி அங்கு நிகழ்ந்த உரையாடல் பிறன் கையில்!

கிட் தோன்றிய வரலாறே போதிய பாடம். லினக்சு கருவகத்தை ஆக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவியை விலையின்றிப் பயன்படுத்தினர். 2005இல் உடையவர் அவ்விசைவை நீக்கினார். அதன்பின்னரே லினசு தோர்வால்டுசு கிட்டை ஆக்கினார். ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே’ என்பது வெறும் பழமொழியன்று.

மாற்று இல்லையோ? உண்டு. தெபியன், நோம் குழுவினர் 2018இலேயே கிட்லாபைத் தம் வழங்கிகளில் நிறுவிக்கொண்டனர். ஆயின், நிரல் திறந்திருத்தல் மட்டும் போதாது. கிட்டீ என்பதும் கட்டற்ற களஞ்சிய மென்பொருளே. 2022இல் அதன் பெயருரிமை ஒரு வணிக நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. உழைத்தோருட் சிலர் வாளா இருந்திலர். அவ்வாண்டிறுதியிலேயே போர்செயோ எனக் கிளை பிரித்தனர். பெர்லினில் இயங்கும் கோட்பெர்க் என்னும் உறுப்பினர் அமைப்பு அதற்குக் காப்பாயிற்று. சிறு கணிப்பொறியிலும் அஃது இயங்கும்.

எனவே, தேர்வார் மூன்று கேட்க: நிரல் திறந்ததோ? பெயரும் ஆளுகையும் எவர் கையில்? அனைத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேற வழியுண்டோ? தன் களஞ்சியத்தைத் தானே காத்தல் உழைப்பே. படியெடுப்பும் காவலும் நாள்தோறும் வேண்டும். அவ்வுழைப்புக்கு அஞ்சி உரிமையை விற்பதோ? திறவுகோல் உழுதவன் கையிலேயே இருக்க!