தாண்டிச் செல்லச் சொன்ன அத்தியாயம்

பிங்கா ஓயா பெருகினால் அக்குறணையில் ஏ9 வீதி முதலில் மூழ்கும். கடைக்காரர்கள் இரவோடிரவாகச் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றுவார்கள். மேட்டில் வீடுள்ள என் போன்றவர்களுக்கு ஜன்னலடியில் நின்று மழையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இராது. அண்மையில் அப்படியோர் இரவு. விடுமுறைக்கு வந்திருந்த மகள் மடிக்கணினியைத் திறந்து, "வாப்பா, நீங்க அடிக்கடி சொல்ற அந்த ஸ்டார் ட்ரெக்க முதல்ல இருந்து பார்ப்பம்" என்றாள். இரண்டாவது தலைமுறைத் தொடர், அதாவது 1987 செப்டெம்பரில் தொடங்கி 1994 மே வரை 178 அத்தியாயங்கள் ஓடிய 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. நான்காவது அத்தியாயம் வந்ததும் கையில் இருந்த ஏதோ பட்டியலைப் பார்த்துவிட்டு, "இத உட்டுட்டு அடுத்ததுக்குப் போவம் வாப்பா, இது சரியில்லையாம்" என்றாள்.

'கோட் ஒஃப் ஹொனர்'. 1987 ஒக்டோபர் 12 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. நான் அதை முதலில் பார்த்தது 1989இல், துபாயிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த வீஎச்எஸ் கசெட்டில். உயர்தரப் பரீட்சை முடிந்து, பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலம். ஊரடங்கும் இருட்டும் பயமுமாக இருந்த அந்த மாதங்களில், மின்சாரம் இருந்த நேரமெல்லாம் கசெட்டுகளைத் தேயத் தேயப் பார்த்தோம். இந்த அத்தியாயம் அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சண்டைக் காட்சி இருந்தது, விஷ முள் பூட்டிய கையுறை இருந்தது. பதினெட்டு வயதுக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே, தாண்ட வேண்டாம், பார்ப்போம் என்றேன்.

கதை இதுதான். ஒரு குடியேற்றக் கோளில் கொள்ளைநோய். அதற்கான தடுப்பூசி லிகான் என்ற வேற்றுக் கோளில் மட்டுமே கிடைக்கிறது. எண்டர்பிரைஸ் விண்கலம் அதைப் பெறப் போகிறது. லிகானின் தலைவன் லூட்டான், கலத்தின் பாதுகாப்பு அதிகாரியான டாஷா யார் என்ற பெண்ணைக் கண்டு வியந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவர்களுடைய 'மான நெறி'யின்படி அது வீரச் செயலாம். அவளைத் திருப்பிப் பெற வேண்டுமானால் கப்டன் பணிவாகக் கேட்க வேண்டும். அவன் கேட்கிறான். அதற்குள் லூட்டானின் மனைவி யரீனா டாஷாவை உயிர்ப் போருக்கு அழைத்துவிடுகிறாள்.

லிகான் மக்கள் அனைவரும் கறுப்பர்கள். தலைவன் முதல் காவலன் வரை அப்படித்தான். பட்டுத் துணி, தலைப்பாகை, முரசு, அரியணை, வெள்ளைப் பெண்ணைக் கடத்தும் அரசன். நூறு ஆண்டுகளுக்கு முந்திய காலனிக் காலச் சாகசக் கதை ஒன்றை அப்படியே விண்வெளிக்கு ஏற்றியதுபோல இருந்தது. மகள் ஐந்து நிமிடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

எழுதியவர்களான கத்தரின் பவர்ஸும் மைக்கேல் பரனும் முதலில் கருதியது ஊர்வன போன்ற ஓர் இனத்தை, ஜப்பானிய சாமுராய் நெறியுடன். நடிகர் தேர்வில் அது இப்படியாகியது. இயக்குநர் ரஸ் மேபெரி படப்பிடிப்பு முடியுமுன்பே நீக்கப்பட்டார். எஞ்சியதை லெஸ் லாண்டோ முடித்தார். துணைத் தலைவனாக நடித்த ஜொனத்தன் ஃப்ரேக்ஸ் பின்னாளில் இதை இனவாதம் என்றே பகிரங்கமாகச் சொன்னார். இத்தனைக்கும் 1966இல் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைக் கப்பலின் தலைமை மேடையில் அமர்த்திய தொடரின் வாரிசு இது. அதை விட்டு விலக நினைத்த அவரை, போகாதே என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்பது அவரே பலமுறை சொன்ன கதை.

ஆனால் தோல் நிறத்தோடு குற்றச்சாட்டை முடித்துவிட்டால் இந்த அத்தியாயம் மலிவாகத் தப்பிவிடும். அதே வசனத்தை ஊர்வன முகமூடிகள் பேசியிருந்தாலும் கோளாறு அப்படியே இருந்திருக்கும். ஒரு கோள் முழுவதற்கும் ஒரே ஒரு குணம், அதுதான் கோளாறு. லிகானில் பிறந்தவன் மானத்தைப் பற்றி மட்டுமே பேசுவான். அங்கே தடுப்பூசியைக் கண்டறிந்த மருத்துவன் யார் என்று கதை கேட்கவில்லை. முன்னேறிய மனிதர்களிடம் இல்லாத மருந்து அங்கே இருக்கிறது. அதை ஆக்கிய ஒருவரைக்கூட நாம் காண்பதில்லை!

இன்னொன்றும் இருக்கிறது. லிகானில் நிலம் பெண்களுடையது. ஆண்கள் அதை ஆள்பவர்கள், காப்பவர்கள் மட்டுமே. இது எவ்வளவு நல்ல சரக்கு! கண்டிச் சட்டத்தில் பின்ன விவாகம் என்று ஒன்று உண்டு. அதில் கணவன்தான் மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் கிழக்கு மாகாண முஸ்லிம்களிடம் வீடு மகளுக்கு என்பது எழுதாத விதி. இப்படிப்பட்ட இடங்களில் யார் யாருக்கு அஞ்சுகிறார்கள், சண்டை எந்த அறையில் நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இதை வைத்து நாவலே எழுதலாம். இங்கே அது லூட்டானின் சூழ்ச்சிக்கு ஒரு காரணமாக ஒரே வசனத்தில் வந்து போகிறது. மனைவி இறந்தால் சொத்து அவனுக்கு, அவ்வளவுதான்.

இதற்கு நடுவே கப்டன் பிக்கார்ட், இவர்களுடைய மான நெறி சில நூற்றாண்டுகளுக்கு முன் மனித இனத்தையே ஆபத்தில் தள்ளிய பகட்டுதான் என்ற பொருளில் பேசத் தொடங்கி, பிரசங்கம் ஆகிவிட்டதே என்று தானே மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு மிகவும் உறைத்த இடம் அது. நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். அப்படிப்பட்டவர்தான் இப்படிப் பேசுவார்.

வெளியாள் எழுதினால் இப்படித்தான் வரும் என்று சொல்வதற்கில்லை. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'த ஃபௌண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலுக்காக இந்தத் தீவையே நிலநடுக்கோட்டுக்கு இழுத்துப் போனார். ஆனால் அதில் வரும் ஓய்வுபெற்ற இராஜதந்திரி ராஜசிங்க ஒரு தனி ஆள். மலையுச்சித் தேரர் இன்னொருவர். இருவரையும் மாற்றி வைக்க முடியாது. லிகானில் யாரையும் யாரோடும் மாற்றலாம்.

அக்குறணையில் பிறந்தவனுக்கு இது ஏன் உறைக்கிறது என்று கேட்பீர்கள். நாற்பது ஆண்டுகளாக, ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் கேட்கும் முதற் கேள்வி, "அப்ப வியாபாரம்தானே?" என்பது. என்னால் ஒரு சாதிக்காயைக்கூட இலாபத்துக்கு விற்க முடியாது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியவில் மூண்ட வன்செயல் எங்கள் ஊர் வரை வந்தபோது, எரித்தவர்கள் கடைக்காரன் யார், எப்படிப்பட்டவன் என்று விசாரித்துவிட்டு எரிக்கவில்லை. ஒரே சொல் போதுமாக இருந்தது. பிறகு அனுதாபத்தோடு வந்த செய்தியாளர்களிடமும் ஒரே சொல்தான் இருந்தது. நல்ல சொல், அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் அமைதியான சமூகம் என்று எழுதினார்கள். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவரை ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

பிறரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. பேராதனையில் கலைப் பட்டம் முடித்துப் பத்திரிகையில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். "எளிமையானவர்கள், விருந்தோம்பும் மக்கள், மானத்துக்கு உயிரையும் விடுபவர்கள்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஆசிரியர் பாராட்டினார். இரண்டு வாரங்களில் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னுடைய வயதுள்ள ஒரு பெண் எழுதியது. நீங்கள் எங்கள் லயத்தில் எத்தனை பேருடன் பேசினீர்கள் என்று கேட்டிருந்தாள். நான் பேசியது மூன்று பேருடன்: பெரிய கிளாக்கர், ஒரு கங்காணி, பிள்ளைக் காம்பராவின் ஆயா. கடிதத்தைப் பிரசுரிக்கக் கொடுக்க வேண்டியவன் நான். மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். பதிலும் எழுதவில்லை.

அன்றிரவு திரையில் லூட்டானைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த இழுப்பறைதான். அதனால்தான் மகளிடம், பட்டியல் போடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு இதைத் தாண்டிவிடாதே என்றேன். மோசமான அத்தியாயத்தைப் பார்க்காமல் விட்டால் அது மறைந்துபோவதில்லை. சாட்சி அதே தொலைக்காட்சி உலகில் இருக்கிறது. பத்தாண்டுகள் கழித்து, 1997இல், 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற புதிய தொடரின் தொடக்க அத்தியாயங்களில் 'இமான்சிபேஷன்' என்று ஒன்று வந்தது. மங்கோலியர் வழிவந்த ஒரு மக்கள், கடத்தப்படும் பெண் அதிகாரி, மரபுச் சட்டப்படி ஒரு சண்டை. எழுதியவர் அதே கத்தரின் பவர்ஸ். அந்தத் தொடரின் இரசிகர்களும் அதைத் தாண்டும்படியே புதியவர்களுக்குச் சொல்கிறார்கள்.

நெக்ஸ்ட் ஜெனரேஷன் குழு மட்டும் எங்கோ கற்றுக்கொண்டது. 1991 செப்டெம்பரில் வந்த 'டார்மொக்' அத்தியாயத்தில், பழங்கதைகளைச் சுட்டிக்காட்டியே பேசும் ஓர் இனத்தை அதே பிக்கார்ட் சந்திக்கிறார். சொற்கள் புரிகின்றன, பொருள் புரியவில்லை. இம்முறை பிரசங்கம் இல்லை. இரவெல்லாம் நெருப்பருகே அமர்ந்து, எதிரே இருப்பவன் என்ன சொல்கிறான் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். தமிழ் பேசுகிற நமக்கு அந்த மொழி ஒன்றும் புதிதல்ல. இராமாயணத்தின் பக்கமே போகாத என் மூத்தம்மா, சுபஹுக்கு எழும்பாத பேரனைக் கும்பகர்ணன் என்றுதான் திட்டுவார்.

இரண்டையும் ஒரே இரவில் பார்த்தோம். விடியும்போது வீதியில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிஞ்சியிருந்தது. மகள் விடுதிக்குத் திரும்பிய பிறகு, காலை விரிவுரையைத் தவறவிட்ட நாட்களில் எனக்கு ஒரு செய்தி வருகிறது: "கும்பகர்ணன், பேராதனையில், எட்டு மணிக்கு."