கெலாமாவின் தலைக்கல்

சுங்கை சோ பக்கத்துப் பசாரில் கெலாமா மீன் வாங்கிக் குழம்பு வைத்தவர்களுக்கு அந்த வெள்ளைக் கல் பழக்கம்தான். தெரியாமல் கடித்தால் பல்லைப் பதம் பார்த்துவிடும். அது மீனின் செவிக்கல். குறுக்கே அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். மரத்துக்கு எண்ணுவதுபோல எண்ணினால் மீனின் வயது கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை.

முதல் சிக்கல், ஆண்டுக்கு ஒரு வளையம் என்ற அனுமானம். குளிர்நாட்டில் பனிக்காலம் மீனின் வளர்ச்சியைத் தளர்த்தி வளையத்தை விட்டுச்செல்லும். கோலசிலாங்கூர் கடலிலோ ஆண்டு முழுக்க வெப்பம். இங்கே முட்டையிடும் காலமோ இரைப் பஞ்சமோ கூட வளையம் போடலாம்.

அதற்காக, வெப்பக் கடல் மீனுக்கு ஆண்டு வளையமே கிடையாது என்று சாதிப்பதும் தப்பு. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் மீன்களுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போட்டுத் திருப்பி விட்டார்கள். அந்த மருந்து செவிக்கல்லில் ஒரு கோடாகப் பதியும். புற ஊதா ஒளியில் மின்னும். பிறகு பிடிபட்ட மீன்களில் அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையம் என்று எண்ணிப் பார்த்தபோது, பல இனங்களில் ஆண்டுக்கு ஒன்றுதான்.

"இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினோம், ஒரே எண் வந்தது" என்பது அடுத்த வாதம். இருவரும் ஒரே தப்பைச் செய்திருந்தால்? 1983இல் ஆய்வாளர்கள் பீமிஷ், மெக்ஃபார்லேன் இருவரும் 500 மீன் வயது ஆய்வுகளை அலசினார்கள்; எல்லா வயதுப் பிரிவுகளையும் சரிபார்த்தவை சொற்பம்.

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தது ஆரஞ்சு ரஃபி. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆழ்கடல் மீனான இது சில பத்தாண்டுகளே வாழும் என்று எண்ணி வலை வீசினார்கள். 1991இல் செவிக்கல்லில் ரேடியம்-226, ஈயம்-210 இரண்டின் விகிதத்தை அளந்தபோது பெரிய மீன்களுக்கு 77 முதல் 149 வயது வரை வந்தது. அதற்குள் பல இடங்களில் மீன்வளம் சரிந்துவிட்டது.

ஜப்பானில் 1977இல் செத்த ஹனகோ என்ற கோய் மீனுக்கு 226 வயது என்ற கதையும் செதில் வளையக் கணக்குதான். ஆண்டுக்கு இரண்டு வளையம் விழுந்திருந்தால் அந்த வயது பாதியாகிவிடும்.

1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் கடலில் கூட்டிய கார்பன்-14 செவிக்கல்லிலும் ஏறியது. அதை வைத்து நியூசிலாந்து ஸ்னாப்பரின் வயதை 1993இல் ஆய்வாளர் காலிஷ் சரிபார்த்தார். இப்படிச் சோதிக்கும் செலவு எல்லா மீனுக்கும் தாங்காது. சியாக்காப் போன்ற வளர்ப்பு மீனுக்குத் தேவையும் இல்லை. குஞ்சு விட்ட தேதி பண்ணைக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. வளையத்தை எண்ணிவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.