'அரட்டை'யில் யார் இருக்கிறார்கள்?

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் 'அரட்டை' என்ற பெயரைக் கேள்விப்படாத செல்போன்காரர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஸோஹோ நிறுவனத்தின் இந்த மெசஞ்சர் 2021 ஜனவரியிலேயே வெளிவந்துவிட்டது. நாலரை வருடம் அது பாட்டுக்கு ஓர் ஓரத்தில் இருந்தது. பிறகு திடீரென்று, ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாட்களில் 3,50,000 பேர் சேரத் தொடங்கினார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். இந்திய ஆப் ஸ்டோரின் சமூக வலைத்தளப் பிரிவில் முதலிடம். மத்திய அமைச்சர்களே சிபாரிசு செய்தார்கள்.

எங்கள் குருவிகுளத்தில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் மவுசு. காரணம், ஸோஹோவின் மத்தளம்பாறை அலுவலகம் இருப்பது எங்கள் தென்காசி மாவட்டத்தில்தான். "நம்ம மாவட்டத்துச் சரக்கு" என்று டீக்கடையிலேயே இரண்டு பேர் இறக்கிக்கொண்டார்கள். நானும் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"எய்யா, இதுல யாரு இருக்காக? உங்க அத்தை இருக்காகளா?"

அத்தை இல்லை. அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் துறையில் ஒரு புதிய சாஃப்ட்வேர் என்றால் அதில் என்னென்ன வசதிகள் என்றுதான் முதலில் கேட்போம். வீடியோ கால் உண்டா, எத்தனை பேர் குரூப்பில் சேரலாம், டி.வி.யில் ஓடுமா! அம்மாவின் கேள்வி இவை எல்லாவற்றையும் விடச் சரியான கேள்வி. கொரியாவில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, சீனாவில் ஒன்று, நம்மிடம் ஒன்று என்று ஆசியா முழுக்க ஆளுக்கொரு வலைத்தளம் ஓடுவது ஏன் என்பதற்கான பாதி பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி என்ன? செலவு. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

ஆர்குட் எங்கே போனது?

முப்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு ஆர்குட்டை ஞாபகம் இருக்கும். 2004 ஜனவரியில் கூகுள் தொடங்கியது. ஓர்குட் புயுக்கோக்டென் என்ற துருக்கி எஞ்சினியர் உருவாக்கியது. அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும். இத்தனைக்கும் அமெரிக்காவில் தொடங்கிய இது அங்கே பெரிதாக ஓடவில்லை. பிரேசிலிலும் இந்தியாவிலும் பற்றிக்கொண்டது. முதலில் நுழைந்த சிலர் தங்கள் ஆட்களை அழைத்தார்கள், அவர்கள் தங்கள் ஆட்களை அழைத்தார்கள், அவ்வளவுதான். சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கு கொடுத்து என் அண்ணன்மார் 'ஸ்க்ராப்' எழுதிக்கொண்டிருந்ததைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அதே காலத்தில் பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்டரில் இருந்தன. கொரியாவில் 1999-லேயே தொடங்கிய சைவேர்ல்டு. அதில் உங்களுக்கென்று ஒரு குட்டி வீடு. அதை அலங்கரிக்க 'டோட்டோரி' என்ற காசு கொடுத்து சாமான் வாங்க வேண்டும். ஜப்பானில் மிக்ஸி. சொந்தப் பெயரைப் போட விரும்பாத ஜப்பானியர்களுக்கு அது புனைபெயரில் இருக்க இடம் கொடுத்தது. உண்மைப் பெயர் கேட்ட ஃபேஸ்புக் அங்கே கால் ஊன்ற நாள் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபேஸ்புக் 2010 ஜூலையில் இந்தியாவில் ஆர்குட்டை முந்தியது. அந்த மாதம் ஃபேஸ்புக்குக்கு இங்கே சுமார் 2.09 கோடிப் பார்வையாளர்கள் என்று காம்ஸ்கோர் கணக்குச் சொன்னது. ஆர்குட்டும் அதிகம் பின்தங்கிவிடவில்லை, 2 கோடியை ஒட்டியே இருந்தது. ஆனால் கூட்டம் ஒரு தடவை நகர ஆரம்பித்தால் நிற்காது. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டை மூடினார்கள். படங்களை எடுத்துக்கொள்ள 2016 வரை அவகாசம் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு அது தெரிந்தது? ஃப்ரெண்ட்ஸ்டர் இன்னும் மோசம். 2011-ல் அது விளையாட்டு வெப்சைட்டாக மாறியபோது பயனாளர்களின் படங்களையும் எழுத்துகளையும் அழித்தே விட்டது.

எஸ்.எம்.எஸ். காசும் வாய்ஸ் மெசேஜும்

வாட்ஸ்அப் நம்மிடம் எப்படி வேரூன்றியது என்று யோசித்துப் பாருங்கள். விளம்பரம் ஒன்றும் கிடையாது. 2009-ல் தொடங்கிய ஒரு சின்ன அமெரிக்க கம்பெனி. அந்தக் காலத்தில் தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் எஸ்.எம்.எஸ். பேக் செல்லாது; ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக்காசு. 2011 செப்டம்பரில் தொல்லை விளம்பரங்களைத் தடுக்கிறோம் என்று ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று டிராய் வரம்பு வைத்தது. பிறகு அது 200 ஆனது. காலேஜ் பையன்கள் சும்மா இருப்பார்களா? நோக்கியா ஆஷா போன்ற சாதாரண போன்களிலும் வாட்ஸ்அப் ஓடியது. ஐபோன் தேவையில்லை. கதை முடிந்தது.

ஆனால் குருவிகுளம் மாதிரி ஊர்களில் நடந்தது வேறு கதை. எங்களுக்கு எஸ்.எம்.எஸ். ஒரு பொருட்டே இல்லை. காரணம், பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்தே தெரியாது, கட்டம் கட்டமாக வரும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க எங்கள் அம்மா தலைமுறைக்கு வராது. போன் என்றால் பச்சை பட்டன், சிவப்பு பட்டன், மிஸ்டு கால். 2013 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசு, விட்டால் போய்விடும். என்னைக் கேட்டால் கிராமத்துத் தமிழனுக்குக் கம்ப்யூட்டர் உலகம் செய்த மிகப் பெரிய உதவி இதுதான். யூனிகோட், ஃபாண்ட், கீபோர்டு என்று நாம் இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை ஒரு மைக் பட்டன் ஓரம் கட்டிவிட்டது! (சண்டை வீண் என்று சொல்லவில்லை. அது தனிக் கட்டுரை.)

அடுத்து 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை தரையைத் தொட்டது. 2018 செப்டம்பரில் ஜியோபோனிலும் வாட்ஸ்அப் வந்துவிட்டதால் பட்டன் போன்காரர்களில் ஒரு பகுதியும் உள்ளே வந்தார்கள். மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றால் இலையைப் படம் பிடித்து அனுப்புகிறோம். சங்கரன்கோவிலில் பூ என்ன விலைக்குப் போகிறது என்று பறிக்கும்போதே தெரிகிறது.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ஆப் மாறுகிறது, அடிப்படை மாறவில்லை. கொரியாவில் ஐபோன் 2009 கடைசியில்தான் நுழைந்தது. சில மாதங்களில், 2010 மார்ச்சில் காகாவ் டாக் தயார். ஜப்பானில் 2011 மார்ச் 11 பூகம்பத்தின்போது போன் கால்கள் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். இண்டர்நெட் ஓரளவு தாக்குப்பிடித்தது. அதே ஜூனில் லைன் வந்தது. அப்படியே தாய்லாந்துக்கும் தைவானுக்கும் பரவியது. வியட்நாமுக்கு உள்ளூர் ஸாலோ. சீனாவில் 2009 ஜூலையிலிருந்து ஃபேஸ்புக்குக்குத் தடை. 2011-ல் பிறந்த வீசாட் போட்டியே இல்லாத மைதானத்தில் வளர்ந்தது. பிலிப்பைன்ஸில் 2013-ல் ஒரு செல்போன் கம்பெனி ஃபேஸ்புக்கை இலவசமாகவே கொடுத்தது. இந்தியாவில் அந்த மாதிரி திட்டத்துக்கு 2016 பிப்ரவரியில் டிராய் தடை போட்டது. நல்ல வேலை செய்தார்கள் என்பது என் கருத்து.

இப்படி எடுத்துப் பார்த்தால், "ஜப்பானியர்களுக்கு பொம்மை ஸ்டிக்கர் பிடிக்கும், இந்தியர்களுக்கு குட்மார்னிங் படம் பிடிக்கும்" என்று கலாச்சாரத்தை மட்டும் காரணமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஸ்டிக்கர் பிடிக்கும்தான். ஆனால் பழக்கம் பிறகு வருவது. அந்த ஊரில் அந்த வருடம் எந்தப் போன் மலிவு, எது தடை, எதற்குக் காசு இல்லை என்பது முதலில் வருவது.

ஒரே வீட்டுக்கு நான்கு ஆப்

என் சித்தப்பா மகன் துபாயில் இருக்கிறான். ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரணமாக வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் மட்டும்தான். எனவே அவனுடன் பேச போட்டிம். இலங்கையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வைபரில் பழகியவர்கள். 2018 மார்ச்சில் கண்டி கலவரத்தின்போது அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் மூன்றையும் நிறுத்தியபோது அவர்களுக்குச் சில நாட்கள் எதுவும் இல்லை. சென்னையில் நான் வேலை பார்த்தபோது ஒரு புராஜெக்டில் கொரியக்காரர்கள் ஈமெயிலுக்குப் பதில் போட இரண்டு நாள் எடுப்பார்கள், காகாவ் டாக்கில் இரண்டு நிமிடம். அதையும் ஏற்றினேன். இப்போது அரட்டை. என் போனில் இடம் போதவில்லை என்பது பெரிய பிரச்சனை இல்லை. அம்மாவுக்கு எந்த ஆளை எந்த ஆப்பில் தேடுவது என்று தெரியவில்லை என்பதுதான் பிரச்சனை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் ஆச்சி. ஒரு பசு மாடுதான் அவர் சொத்து. போன வருடம் கோமாரி தடுப்பூசி முகாம் நடந்தது. முன்பெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். இந்த முறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு சரி. ஆச்சியிடம் பட்டன் போன். முகாம் முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். ஊரில் எல்லோரும் ஒரே ஆப்பில் இருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டு, அறிவிப்புப் பலகையைக் கூட எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்த கொரியாவுக்கு 2022 அக்டோபர் 15 அன்று என்ன நடந்தது தெரியுமா? ஒரு டேட்டா சென்டரில் தீ. காகாவ் டாக் நின்றது. கூடவே அதை நம்பிய டாக்ஸி, பணம் அனுப்புதல் எல்லாம் தடுமாறின. முழுவதும் சரியாகப் பல நாட்கள் ஆயின. அதே மாதம் 25-ந் தேதி, தீபாவளிக்கு மறுநாள், நம் வாட்ஸ்அப் சுமார் இரண்டு மணி நேரம் படுத்தது. நாம் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

பணம் போகிறது, பேச்சு போகவில்லை

நீங்கள் போன்பேயில் இருக்கிறீர்கள், மளிகைக் கடைக்காரர் கூகுள் பேயில் இருக்கிறார். பணம் போகிறதா இல்லையா? போகிறது. 2016-ல் வந்த யு.பி.ஐ. அப்படி அமைக்கப்பட்டது. ஈமெயிலும் அப்படித்தான், ஜிமெயிலிலிருந்து யாகூவுக்குப் போகும். செல் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரி 20-ல் வந்தது. ஆனால் அரட்டையிலிருந்து வாட்ஸ்அப்பில் இருக்கும் அத்தைக்கு "சாப்டீகளா" என்று ஒரு வார்த்தை அனுப்ப முடியாது. ஐந்நூறு ரூபாய் தாண்டும் வேலியை ஒரு "சாப்டீகளா" தாண்ட முடியவில்லை என்றால் அது தொழில்நுட்பக் குறை இல்லை, வேலி போட்டவரின் விருப்பம்.

ஐரோப்பிய யூனியன் இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. பெரிய மெசஞ்சர்கள் கேட்பவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்ற விதி 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. யு.பி.ஐ. மாதிரி, ஈமெயில் மாதிரி மெசஞ்சர்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2025-ல் ஸ்ரீதர் வேம்புவும் சொன்னார். சின்னவர்கள் எப்போதும் இப்படித்தான் கேட்பார்கள், பெரியவர்கள் ஆனபின் மறந்துவிடுவார்கள் என்று என் நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். இருக்கலாம். அதனால்தான் கம்பெனிகளின் நல்ல மனதுக்கு விடாமல் விதியாகவே வேண்டும் என்கிறேன். 50 கோடிப் பேருக்கு மேல் வாட்ஸ்அப்பில் இருக்கும் நாடு கேட்டால் தட்டமாட்டார்கள்.

எதிர்ப்பு வாதமும் லேசானது இல்லை. இரண்டு ஆப்களுக்கு நடுவே போகும் செய்தியை மூன்றாமவர் படிக்காதபடி பூட்டுவது கஷ்டமான வேலை. மோசடி ஆட்களுக்கும் இன்னொரு வாசல் கிடைக்கும். அரட்டைக்கே 2025 செப்டம்பரில் கூட்டம் வந்தபோது, கால்களுக்குப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு முழுப் பூட்டு இல்லை என்ற குறை எழுந்தது. நியாயமான குறைதான். ஆனாலும் பணத்துக்கே பூட்டுப் போட்டு ஆப் விட்டு ஆப் அனுப்பக் கற்றுக்கொண்ட நாட்டுக்கு இது மலையைப் புரட்டும் காரியம் இல்லை.

அது வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. வாட்ஸ்அப்பில் ஒரு உரையாடலைத் திறந்து மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால் அந்த உரையாடல் ஒரு ஃபைலாக வெளியே வரும். குடும்ப குரூப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அப்படி எடுத்துக் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ வையுங்கள். கல்யாணப் படங்கள் குரூப்பில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் சாதாரண போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெற்கத்தி மாவட்டங்களில் டவர்கள் செத்தபோது எந்த ஆப்பும் உதவவில்லை, நோட்டில் நம்பர் இருந்தவர்கள் அடுத்த ஊர் போய்க் கடை போனில் பேசினார்கள். ஊர் குரூப்புக்கு அட்மினாக இருப்பவர்கள் முகாம், தண்ணீர், கரண்ட் கட் செய்திகளை குரூப்பில் போட்ட கையோடு பலகையிலும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊர் அட்மினிடம் நான் சொல்லிவிட்டேன். சாக்பீஸ் வாங்கித் தா என்கிறார்.