வன்னிக்கு வந்த சுழியோடி

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. திருகோணமலையில் யான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில் என்னிடம் இலக்கணம் கற்றவர். இலக்கணத்தினும் கடலையே மிகுதியாக நேசித்தவர். இன்று அவர் முறையாகப் பயின்று தேர்ச்சிப் பத்திரம் பெற்ற சுழியோடி. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளைப் பயணிகளுக்குக் காட்டுவது அவர் தொழில். அவருடைய மனைவியார் அரசாங்க மருத்துவத் தாதி. அவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

“ஐயா, உப்புக் காற்றே வீசாத ஊருக்கு வருகிறேன். சிலிண்டரையும் மற்றைக் கருவிகளையும் விற்றுவிடு, வன்னியிலே அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று உறவினர் சொல்லுகிறார்கள். தாங்கள் அவ்வூரில் நெடுங்காலம் இருப்பவர்கள். என்ன சொல்லுகிறீர்கள்?” என்று எழுதியிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இஃது அவருக்கு மட்டும் உரிய பதிலன்று என்று தோன்றியது. ஆகவே வாசகர் முன்னிலையிலேயே என் கருத்தைச் சொல்லத் துணிகின்றேன்.

நிலத்துக்குத் தக்க தொழில் என்பது தமிழர் பழங்கொள்கை. நெய்தலுக்குரியவன் முல்லைக்கு வந்தால் அவனுடைய தொழில் செத்தது என்று உறவினர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் நிலத்தை வகுத்த தொல்காப்பியரே அத்துணைக் கடுமை காட்டவில்லை. ஒரு நிலத்துப் பூவோ பறவையோ தனக்குரியதல்லாத வேறொரு நிலத்திற் காணப்படின், அது வந்து சேர்ந்த நிலத்துக்கே பயன்படுவதாகக் கொள்ளப்படும் என்பது அவர் விதி. அவர் சொன்னது செய்யுளுக்கு. யான் அதனை வாழ்க்கைக்கு ஏற்றிச் சொல்லுகின்றேன். இடம்பெயர்ந்து வந்த ஒருவனைப் பார்த்து, “விட்டு வந்த நிலத்தில் நீ என்னவாக இருந்தாய்?” என்று கேட்பது பாதிக் கேள்வி. “வந்த நிலத்துக்கு நீ என்ன பயன்?” என்பதே முழுக் கேள்வி.

வவுனியா வறண்ட ஊர் என்கின்றோம். உலர்வலயத்து ஊர் என்பது மெய். ஆயினும் அவ்வூரைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நெளுக்குளம், பண்டாரிக்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம், பூவரசங்குளம், செட்டிகுளம், பாவற்குளம். நீர் இல்லாத ஊரன்று அது. நீரைத் தேக்கி வைத்து வாழும் ஊர். கடற்கரையான் நீரைக் கண்டபடியே இருப்பதால் அதற்குப் பெயரிட வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. வன்னியான் ஒவ்வொரு குளத்துக்கும் பெயரிட்டு, அப்பெயரையே தன் ஊருக்கும் சூட்டிக்கொண்டான்.

இன்னும் ஒன்று. திருகோணமலைக் கடல் ஏறக்குறையச் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை அமைதியாயிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும் கலங்கிக் கொந்தளிக்கும்; சுழியோடிகள் கரையேறி விடுவார்கள். கடலை அவர்களுக்கு அடைத்துவிடும் அதே காற்றுத்தான் மழையைக் கொணர்ந்து வன்னிக் குளங்களை நிரப்புகிறது. பின்னர் ஆடி, ஆவணியில் குளங்கள் வற்றி அடித்தரை வெடிக்கும் வேளையில் கிழக்குக் கடல் கண்ணாடிபோலத் தெளிந்து கிடக்கும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தூரந்தான். ஆகவே என் மாணவர் கடலை விட்டு வருகிறார் என்பதுகூடச் சரியன்று. ஆண்டின் ஒரு பாதிக்குக் கடலும் மறு பாதிக்குக் குளமும் என்று இயற்கையே அவருக்கு நேரசூசி வகுத்து வைத்திருக்கிறது.

உள்நாட்டுக்கும் மூழ்குவோனுக்கும் தொடர்பில்லை என்போர் நம் நீர்ப்பாசன வரலாற்றை மறந்தவராவர். பாண்டி நாட்டு ஏரிகளில் குமிழித்தூம்பு என்றொரு மதகு உண்டு. ஏரியின் உட்புறத்தே, நீருக்குள் அமைந்த துளையைக் கல்லால் அடைத்திருப்பார்கள். வயலுக்கு நீர் வேண்டியபோது ஒருவன் மூழ்கிச் சென்று அக்கல்லைப் பெயர்த்துவிட வேண்டும். கடலைக் கண்ணாலும் கண்டிராத ஊர்களிலே, ஓர் ஊரின் விளைச்சல் ஒருவனுடைய மூச்சில் தங்கியிருந்தது. மடை திறந்த அவனுடைய பெயரே பின்னர் அறிவிலியைக் குறிக்கும் ‘மடையன்’ ஆயிற்று என்று மேடைகளிற் சொல்லுகிறார்கள். மடம் என்னும் அறியாமைச் சொல்லிலிருந்தே அவ்வசைச் சொல் பிறந்தது என்பது என் துணிபு. நம் நாட்டிலோ, மதகினுள்ளே நீர் பாயும் வேகத்தை அடக்குதற்குப் பிசோகொட்டுவ என்னும் கற்கிணற்றை அமைத்தார்கள். பழைய இலங்கையின் குளங்களை ஆராய்ந்த ஹென்றி பார்க்கர் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலே அதனை வியந்து எழுதியிருக்கிறார்.

சுழியோடி என்பது நம் நாட்டுத் தமிழ் நன்கு பேணி வைத்திருக்கும் சொல். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களுக்குக் காலிற் கட்டிய கல்லும், இடுப்புக் கூடையும், கரம் பற்றிய கயிறுமே கருவிகள். 1943ஆம் ஆண்டில் பிரான்சிலே கூஸ்தோவும் கானியனும் நீருக்குள் சுவாசிக்கும் கருவியைச் செம்மைப்படுத்திய பின்னர், மனிதன் மூச்சை அடக்கும் தேவையிலிருந்து விடுபட்டான். முதுகிற் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று பலர் எண்ணுகின்றனர். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே வளிதான். அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. அக்கருவியைப் பூண்டு 1956ஆம் ஆண்டில் கோணேசர் மலையடியில் மூழ்கிய மைக் வில்சன், போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் எச்சங்களைக் கடலடியிற் கண்டார். அவருடைய நண்பர் ஆதர் சி. கிளார்க் அச்செய்தியை உலகறிய எழுதினார். அங்கிருந்து மீட்ட சிவலிங்கம் இன்று கோயிலில் வழிபடப்படுகிறது. வில்சனோ காலப்போக்கில் உலகியலைத் துறந்து சுவாமி சிவகல்கி என்னும் பெயர் பூண்டார். ஆழத்திற் சென்றவன் மேலே கொணர்வது எதுவாயினும், அஃது ஈற்றில் கரையில் நிற்போருக்கே உரியதாகிறது.

இனி ஓர் எச்சரிக்கை. குளந்தானே என்று எளிதாக எண்ணலாகாது. உப்புநீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. ஒருவரும் அவர் பூண்ட கருவிகளும் சேர்ந்து 100 லீற்றர் நீரை விலக்குவதாக வைத்துக்கொள்வோம். கடலுக்கென்று அளந்து கட்டிய ஈயத்தில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராமைக் குளத்திற் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தவரைக் குளம் கீழே இழுக்கும். ஆழம் குறைவு என்பதும் காப்பன்று. நீருக்குள் முதல் பத்து மீற்றரிலேயே அழுத்தம் இருமடங்காகிறது. அந்த ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருபவனின் நுரையீரலில் அவ்வளி இருமடங்கு இடம் கேட்கும். கடலில் இருபது மீற்றர் தூரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கலங்கிய குளத்தில் தன் கைவிரலும் தெரியாது. பட்ட மரங்களின் அடிக்கட்டைகள், காலைச் சுற்றும் கொடிகள், முதலைகள், எல்லாவற்றிலும் மேலாகத் திறந்த மதகின் இழுப்பு. இவை கடல் கற்பியாத பாடங்கள். உரியவர்களின் அனுமதியும் உடன் இறங்கத் துணையும் இன்றிக் குளத்தில் இறங்குதல் வீரமன்று, பேதைமை.

இவ்வளவும் சொல்லி, கருவிகளை விற்கவேண்டாம் என்று யான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதம். குளங்கள் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தன. என் வகுப்பு மாணவன் ஒருவன் தோழரோடு குளிக்கப் போனான், திரும்பி வரவில்லை. ஊர் இளைஞர்கள் மூச்சை அடக்கி மூழ்கி மூழ்கித் தேடினார்கள். குளத்து மீனவர்கள் வலை இழுத்தார்கள். கரையோர நகரிலிருந்து சுழியோடிகள் வந்து சேர மறுநாட் காலை ஆகிவிட்டது. அவர்கள்மேற் குறையில்லை, வழியும் மழையும் அத்தகையன. அன்றிரவு முழுவதும் அந்தத் தாய் குளக்கட்டிலேயே இருந்தாள். “பிள்ளைக்குக் குளிருமே” என்ற ஒரு சொல்லையன்றி வேறொன்றும் அவள் சொல்லவில்லை. மறுநாள் சுழியோடிகள் இறங்கிய அரைமணி நேரத்தில் அவன் கிடைத்தான். படித்துறையிலிருந்து முப்பதடி தூரங்கூட இல்லை.

ஊரிலே ஒரு சுழியோடி இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா? பிழைத்திருப்பான் என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. நீரில் மூழ்கியவனின் காலம் நிமிடக் கணக்கிலே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தாய்க்கு அவ்விரவு இல்லாமற் போயிருக்கும். அதுவும் சிறிய காரியமன்று.

அதனினும் பெரிய காரியம் ஒன்று உண்டு. அந்த மாணவனுக்கு யான் நாலடியார் கற்பித்தேன், நன்னூல் கற்பித்தேன். உனக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டேனல்லேன். அவனோடு குளித்த தோழர்கள், அமிழ்ந்துகொண்டிருப்பவனைப் பிடிக்கத் தாமும் பாயாமல், ஒரு தடியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும் என்பதையும் அறியார்கள். ஊர்ப் பெயரெல்லாம் குளமாக இருக்கும் ஒரு நாட்டில், பள்ளிக்கூடத்துப் பாடங்களில் நீர் இல்லை. கடற்கரைப் பிள்ளை நடக்கும்போதே நீரின் குணத்தை அறிந்துகொள்கிறான். உள்ளூர்ப் பிள்ளையோ ஆண்டிற் பாதி வற்றிக் கிடக்கும் குளத்தில் பந்தடித்து விளையாடுகிறான். மறுபாதியிலும் அதே தரைதான் என்று நம்பி இறங்குகிறான். சுழியோடி மேலே கொணர்வது பெரும்பாலும் உடலை. நீரை அறியக் கற்பிப்பவன் காப்பது உயிரை. என் மாணவரிடம் இவ்விரண்டு கலைகளும் இருக்கின்றன.

இதனால் அவருக்கு ஊதியம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வவுனியாவில் பவளப்பாறை இல்லை. அதைக் காணப் பணம் கொடுத்து வரும் பயணியும் இல்லை. சேவை செய் என்று பிறனுக்கு உபதேசிப்பது எளிது. அவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். ஆகவேதான் இப்பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்த யான் விரும்பவில்லை. குளங்கள் சூழ்ந்த ஒவ்வொரு நகரிலும் பயிற்சி பெற்ற சுழியோடி ஒருவரையும் அவருக்குத் துணையாக இருவரையும் உள்ளூராட்சி மன்றங்கள் ஊதியத்தோடு அமர்த்துதல் வேண்டும். பாடசாலைகள் மழைக்கு முன்னரே மாணவருக்கு நீந்தவும், கயிறெறிந்து மீட்கவும் பழக்குதல் வேண்டும். குளக்கட்டில் ஒரு கயிறும் ஒரு மிதவையும் எப்போதும் தொங்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, நாம் ஆண்டுதோறும் எடுக்கும் விழாக்களின் பந்தற் செலவுக்குக் காணாது.

என் மாணவருக்கு எழுதிய பதில் இதுதான்: “தம்பி, கருவிகளை விற்காதே. ஈயத்தில் இரண்டரைக் கிலோ குறைத்துக்கொண்டு வா. கடல் உனக்குச் சோறு போட்டது. குளம் உடனே போடாது. ஆனால் உன்னை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். எதிர்பார்த்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. முதல் வகுப்புக்கு யானும் வருவேன். இந்த வயதிலும் எனக்கு நீந்தத் தெரியாது.”