போர் வீல்: போடத் தெரிந்தால் போதாது, எடுக்கவும் தெரிய வேண்டும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ஜீப் முதலில் ஏறுவது தார்ச் சாலையில். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் பிரிந்த பிறகுதான் மண் பாதை தொடங்குகிறது. மழை பெய்துவிட்டால் அந்தப் பாதையில் சேறுதான் மிச்சம். காய் எடுக்கப் போகும் தொழிலாளர்களும், உரமும், காய் மூட்டையும் ஜீப்பை நம்பியே மலையேறி இறங்குகிறார்கள். ஒரே பயணத்தில் இரண்டு விதமான தரை. இரண்டிலும் வண்டியை ஒரே மாதிரி ஓட்டுவதால்தான் பல ஜீப்புகளில் டிரான்ஸ்பர் கேஸ் காலத்துக்கு முன்பே கெட்டுப் போகிறது.

பழுது வந்ததும், டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று முதலாளி சொல்லுவார். வண்டி கிழடாகிவிட்டது என்று டிரைவர் சொல்லுவார். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. வண்டியைக் கையாளும் பழக்கமே காரணம். அந்தப் பழக்கத்தில் முதலாளிக்கும் பங்கு உண்டு.

பெட்டி செய்யும் வேலை

கியர் பெட்டியை ஒட்டிப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். இஞ்சினின் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்புவது இதன் வேலை. 'லோ'வில் போட்டால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் இது சுமார் இரண்டரை மடங்கு.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. போர் வீல் போட்டிருந்தாலோ இரண்டு அச்சுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டு விடுகின்றன. தூரத்தில் உள்ள வித்தியாசம் எங்கேயாவது கழிய வேண்டும். சேற்றில் டயர் சற்று வழுக்கி அதைக் கழித்துவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. ஆகவே அந்த முறுக்கம் முழுவதும் பல் சக்கரத்திலும், பேரிங்கிலும், புரொப்பெல்லர் ஷாப்டிலும் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச் சாலையில் இது எத்தனை முறை நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஸ்டியரிங் கனப்பதும், வண்டி தயங்கித் தயங்கி நகர்வதும், லீவர் இறுகிக்கொண்டு வர மறுப்பதும் இதன் அறிகுறிகள். அப்போது லீவரை உதைத்து எடுக்கக் கூடாது. வண்டியைச் சில அடி நேராகப் பின்னுக்கு எடுத்தால் முறுக்கம் தளர்ந்து லீவர் தானே வந்துவிடும்.

மலை இறக்கத்தில் போர் வீல் இருந்தால்தான் பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. காய்ந்த தார்ச் சாலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது சின்ன கியர். போர் வீல் அங்கே திருப்பத்தைக் கடினமாக்குமே தவிர உதவாது. சேறு தொடங்குவதற்கு முன்பே அதைப் போட வேண்டும். தார் வந்ததும் எடுக்க வேண்டும். சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது லீவரைத் தள்ளினால் பல் உடையும். 'லோ' போடுவதற்கு வண்டியை நிறுத்திக்கொள்வதே நல்லது. நடுவில் டிபரன்ஷியல் வைத்து, எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும்படி அமைத்த வண்டிகளுக்குத் தார்ச் சாலையைப் பற்றிய இந்த விதி பொருந்தாது.

இரண்டு டயர் சிக்கனம்

டயர் தேய்ந்தால் பின்னால் மட்டும் இரண்டு புதிது போடுவது வழக்கமாகிவிட்டது. பழைய டயருக்கும் புது டயருக்கும் ஆரத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 6 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படும். கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 28 மீட்டர்! போர் வீலில் ஓடும்போது, நேரான பாதையிலும்கூட இந்த 28 மீட்டரும் பெட்டிக்குள் முறுக்கமாக ஏறும். நான்கு டயரும் ஒரே அளவில், ஒத்த தேய்மானத்தில், சரியான காற்றோடு இருக்க வேண்டும்.

ஆயிலும் உயிரும்

இந்தப் பெட்டியின் ஆயிலை இஞ்சின் ஆயிலைப் போல யாரும் பார்ப்பதில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஓடையில் இறங்கும்போது சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்து, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தால் இன்னும் மோசம். ஆயிலில் மினுமினுப்பான இரும்புத் துகள் தென்பட்டால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பல் சக்கரப் பெட்டிக்கு ஒரு வகை ஆயில், சங்கிலி வைத்த புதிய பெட்டிக்கு வேறு வகை. கடைக்காரர் கொடுத்ததை ஊற்றாமல், வண்டிக் கையேட்டில் சொன்னதையே ஊற்ற வேண்டும்.

ஆயில் கசிவு வெறும் ஆயில் நஷ்டம் அல்ல. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்திலேயே இருக்கிறது. அங்குள்ள சீல் கசிந்தால் ஆயில் நேராகப் பிரேக்கில் இறங்கும். சரிவில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கியரில் போட்டுத்தானே நிறுத்தியிருக்கிறது என்று நம்பவும் முடியாது. டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். ஆட்கள் ஏறி இறங்கும் சரிவில் இதன் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. லீவரைப் பார்ப்பதும், சக்கரத்துக்குக் கல் அணை கொடுப்பதும், சீலை உடனே மாற்றுவதும் தொழிலாளர்களின் உயிரைக் காக்கும் வேலைகள்.

யார் பொறுப்பு?

நடைக் கணக்கில் கூலி வாங்கும் டிரைவருக்கு வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க நேரம் எங்கே? அரை மணி நேரம் நின்றால் ஒரு நடை போகிறது. ஆகவே அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வாரத்தில் ஒரு வேளையை வண்டி பார்ப்பதற்கென்று ஒதுக்கி, அதற்குரிய கூலியையும் முதலாளி கொடுக்க வேண்டும். புதிய டிரைவரை அமர்த்தும்போது, சாவியோடு இந்த லீவரின் பயனையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் பெட்டி உடைந்தால், பழுதுச் செலவோடு போவதில்லை. பழுத்த காய் செடியிலேயே வெடிக்கும். ஆட்கள் வேலையின்றி நிற்பார்கள். ஒரு சீலும், சில லிட்டர் ஆயிலும், தார் வந்ததும் லீவரை எடுக்கும் பழக்கமும் அதைவிட மிக மலிவு. எடுப்பு தொடங்குவதற்கு முன்பே வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பவர்தான் கெட்டிக்காரத் தோட்டக்காரர்.